புக்கெட் போற பேரனுக்குக் கிழட்டுத் தரகன் சொல்லுதது

ஏலேய் மக்கா, புக்கெட்டுக்குப் போறியாம்லா? உங்க அம்மை வந்து சொன்னா. பாதி பெருமை, பாதி பயம். நாலு பயலுவளாச் சேந்து போறியளாம், கடலப் பாத்த ரூமாம், காலைச் சாப்பாடு ஓசியாம். அத எவனும் ஓசியாக் குடுக்க மாட்டான்லே, ரூம் வாடகையில ஏத்தியிருப்பான். இந்த ஒண்ணு புரிஞ்சிட்டா மிச்சம் நான் சொல்லுததுல பாதி உனக்கு வெளங்கிரும்.

2023 நவம்பர்ல தாய்லாந்துக்காரன் 'விசா வேண்டாம், சும்மா வாங்க'ன்னு நமக்குக் கதவத் தொறந்துவிட்டான். அதுலருந்து குத்தாலத்துல தண்ணி இல்லன்னாலே நம்ம பயலுவ பாஸ்போர்ட்டத் தேடுதானுவ. 2025 மே மாசத்துலருந்து ஏறுதுக்கு முன்னால கம்ப்யூட்டர்ல ஒரு வருகை அட்டை நெரப்பணும், தெரியும்லா? அரசாங்கத்து வெப்சைட்டுல அதுக்குக் காலணா கெடையாது. வேற எவனாவது துட்டு கேட்டு நீயும் கட்டிட்டேன்னா, திருநெல்வேலியில உக்காந்தே மொதத் தரகனப் பாத்துட்டன்னு அர்த்தம்.

சிரிக்காத. இந்தக் கெழவனுக்கு வெளிநாட்டப் பத்தி என்ன தெரியும்னு நெனைக்க. தல நரைக்கிற மட்டும் மேலப்பாளையம் சந்தையில மாட்டுத் தரகு பாத்தவன்லா நான். துண்டுக்கடியில வெரலப் புடிச்சி வெல பேசினவன். கெழட்டு எருதுக்குக் கொம்பச் சீவி, சாயத்தப் பூசி, 'இன்னும் நாலு பல்லுதான் அண்ணாச்சி'ன்னு விக்கவனுவளுக்கு நடுவுல நின்னு கஞ்சி குடிச்சவன். போன வருசம் உன் மாமன் என்னையும் புக்கெட்டுக்குக் கூட்டிட்டுப் போனாம்லா. எல்லாரும் கடல்ல குதிச்சாவ. நான் பட்டோங் கடற்கரையில ஒரு மரத்தடியில வேட்டிய மடிச்சிக் கட்டிக்கிட்டு உக்காந்துட்டேன். கடல நான் பாக்கல, தரகுக்காரனுவளப் பாத்தேன். கண்ணு நெறஞ்சு போச்சு. அதே சந்தைதான். மாடு மட்டும் டவுசர் போட்டுக்கிட்டு ரெண்டு காலுல நடக்கு.

சந்தைக்குள்ள ஒருத்தன் நொழைஞ்சா, நல்ல தரகன் மாட்டப் பத்தி வாயே தொறக்க மாட்டான். 'எந்தூரு? தனியாவா வந்தீரு? இதுக்கு முன்ன வந்திருக்கீரா? எந்த பஸ்ஸுக்குத் திரும்பணும்?' இதுதான் கேப்பான். பட்டோங்லயும் இதேதான் கேக்கான், இங்கிலீசுல. 'ஹலோ மை ஃப்ரெண்ட்! இண்டியா? சென்னை? ரஜினிகாந்த்!' கூட ஒரு 'வணக்கம்' வேற. அந்த ஒத்த வணக்கத்துல நீ உருகிருவ, எனக்குத் தெரியும். உங்க அப்பன் வீட்டு ரத்தம் அப்படி.

ஊரக் கேக்கது, உன் பை எவ்வளவு கனம்னு பாக்கதுக்கு. மொதத் தடவையான்னு கேக்கது, உனக்கு இங்கத்த வெலவாசி தெரியுமான்னு பாக்கதுக்கு. எந்த ஓட்டல்னு கேக்கது, உன்னைய எவ்வளவு கறக்கலாம்னு கணக்குப் போட. எல்லாத்துலயும் மோசமான கேள்வி ஒண்ணு இருக்கு பாத்துக்கோ, கேக்க ரொம்ப சாதாரணமா இருக்கும்: 'எப்ப ஊருக்குப் போறீங்க?' நாளைக்குக் காலையில பிளேன் ஏறுதவன் போலீஸ் ஸ்டேசன் வாசல்ல போயி நிக்க மாட்டான்னு அவனுக்குத் தெரியும். அதனால எவன் கேட்டாலும், 'மூணாவது தடவ வாரேன், இன்னும் பத்து நாள் இருப்பேன், அந்தப் பக்கம் சொந்தக்காரவுக வீட்டுல தங்கியிருக்கேன்'னு சொல்லிரு. பொய் சொன்ன பாவம் வந்தா என் கணக்குல எழுதச் சொல்லு. அங்க ஏற்கெனவே நெறைய கெடக்கு, இது ஒண்ணு கூடினா ஒண்ணும் ஆயிராது.

இத வச்சி அந்த ஊரு சனத்தையே திருட்டுப் பயலுவன்னு முடிவு கட்டிராத. நான் சொல்லுதது வேற. தானா ஓடி வந்து சிரிக்கவன் சோலி பாக்கான். சிரிக்கதுதான் அவன் சோலி. சோலி பாக்கவன் மேல கோவம் எதுக்கு? ஒனக்கு என்ன தரகுன்னு மொதல்லயே கேட்டுட்டா முடிஞ்சி போச்சி. 'அண்ணே, அந்தத் தீவுக்குப் படகு ஏத்திவிட்டா உமக்கு எவ்வளவு வரும்?'னு சிரிச்சிக்கிட்டே கேளு. நல்ல தரகன்னா அவனும் சிரிச்சிருவான். வெலயச் சொல்லுவான், பேரம் பேசலாம். கெட்டவன் இருக்காம்லா, அவன் நெஞ்சில கைய வச்சி, 'துட்டா? எனக்கா? நாம ஃப்ரெண்டு'ம்பான். அந்த இடத்துல மடியில கைய வச்சிக்கோ.

இன்னொரு சோதனை இருக்கு. 'இன்னைக்கு முடியாது, நாளைக்குப் பாப்போம்'னு சொல்லிப் பாரு. சினேகிதம்னா நாளைக்கும் அங்கனதான் இருக்கும். தரகுன்னா 'இன்னைக்கு மட்டுந்தான், சாயங்காலத்தோட முடிஞ்சிரும்'னு மூச்சு வாங்கும்.

திரும்பும்போது பாங்காக்ல ரெண்டு நாள் தங்கப் போறியளாமே. அங்க ஒரு வித்தை நடக்கு. ஒரு தரகனா நான் அதுக்குத் தலை வணங்குதேன், அப்படி ஒரு வேலைப்பாடு. அரண்மனையப் பாக்கன்னு நீ போவ. வாசலுக்குக் கொஞ்ச தூரத்துலயே இஸ்திரி போட்ட சட்டையோட, கழுத்துல அட்டை தொங்க, வாத்தியாரு கணக்கா ஒருத்தர் நிப்பாரு. 'இன்னைக்கு அரண்மனை மூடிட்டாங்களே, பூஜை நடக்கு'ம்பாரு. குரல்ல அவ்வளவு வருத்தம் இருக்கும். பொறவு மேப்ப விரிச்சி, 'பரவால்ல, இன்னைக்கு மட்டும் தொறக்கிற ஒரு புத்தர் கோயில் இருக்கு'ன்னு வட்டம் போட்டுக் குடுப்பாரு. அந்நேரம் பாத்து ஒரு டுக் டுக் வந்து நிக்கும். 'இருபது பாட் குடு போதும், நாலு எடம் சுத்திக் காட்டுதேன்'ம்பான். ஒரு பாட்டுன்னா நம்ம துட்டுக்கு ரெண்டரை ரூவாய்க்கு மேல வரும். அந்தத் துட்டுக்கு அவன் எப்படிலே ஊரச் சுத்துவான், பெட்ரோல் என்ன அவன் மாமனாரா ஊத்துதாரு? ஊத்துததே கடைக்காரந்தான். ஆளக் கொண்டுபோயி விட்டா பெட்ரோல் கூப்பன் உண்டு.

கோயிலுக்குள்ள போனா அங்க ஒரு ஆளு தனியா உக்காந்து கும்பிட்டுக்கிட்டு இருப்பான். அவனுக்கும் டுக் டுக்காரனுக்கும் ஒட்டும் இல்ல ஒறவும் இல்ல, பாத்தா அப்படித் தோணும். எதேச்சையாப் பேச்சுக் குடுப்பான். 'இன்னைக்கு அரசாங்கத்துக் கல்லு விக்குதாங்களே, வரி கெடையாதே, கடைசி நாளாச்சே! நானே போன வருசம் வாங்கி வெளிநாட்டுல ரெட்டிப்பு வெலைக்கு வித்தேன்'ம்பான். சந்தையில இவனுக்கு நாங்க வச்ச வேலை, பக்கத்துல நின்னு மாட்டப் புகழ்ந்துட்டு மேல பாத்துட்டுப் போறது. தனித்தனியா மூணு பேரு ஒரே சேதியச் சொன்னா மனுசன் நம்பிருவான். மூணு பேரும் சாயங்காலம் ஒரே டீக்கடையிலதான் கணக்குப் பாப்பாங்கன்னு அவன் எங்க கண்டான்?

இதுல வேடிக்கை என்னன்னா, அந்த நாட்டுல கல்லு யாவாரம் நெசமாவே பெருசு. சந்தாபுரின்னு ஒரு ஊரே கெம்புக்கும் நீலத்துக்கும் பேரு போனது. அசல் இருக்கதுனாலதான் போலி வெல போகு. கடைக்காரன் பில்லு போடுவான், சீல் குத்துவான், 'கையில கொண்டு போகாதீங்க, பார்சல்ல உங்க வீட்டுக்கே அனுப்பிருதோம்'பான். எதுக்கு? கையில இருந்தா நீ அன்னைக்கே இன்னொருத்தன்ட்ட காட்டிருவியே! ஊருக்கு வந்து பிரிச்சி, நம்ம தங்கநகைக் கடை அண்ணாச்சிக்கிட்ட காட்டினா, அவரு மூக்குக் கண்ணாடியக் கழத்திக்கிட்டு ஒண்ணுமே சொல்ல மாட்டாரு. அதுக்கு அவரு ரெண்டு வார்த்தை ஏசினாலே தேவல.

அரண்மனை தெனமும் காலையில எட்டரைக்குத் தொறந்து மூணரை மட்டும் டிக்கெட்டு குடுக்கும்லே. வெளிநாட்டுக்காரனுக்கு 500 பாட். மூடியிருக்கா இல்லையான்னு வாசல்ல போயி நின்னு உன் கண்ணால பாரு. தெருவுல நிக்கவன் சொல்ல வேண்டிய சேதி இல்ல அது.

கடல்ல ஓட்டுத பைக்கு, ஜெட் ஸ்கிம்பாவ. உனக்கு அதப் பாத்தாலே கை அரிக்கும்னு தெரியும். அத வாடகைக்கு எடுத்துட்டுத் திரும்பி வந்தா, அடியில ஒரு கீறலக் காட்டி ஆயிரக்கணக்குல பாட் கேக்கது புக்கெட்லயும் பட்டாயாலயும் ரொம்ப காலத்துக் கதை. 2009ல ஒரு இங்கிலீஷ் டிவிக்காரன் அத அப்படியே படம் புடிச்சிக் காட்டி ஊரே சிரிச்சிது. அந்தக் கீறலு உனக்கு முன்ன எத்தனை பேருக்கு வித்த கீறலோ! மாட்ட ஓட்டிட்டுப் போகுதுக்கு முன்னால பல்லப் புடிச்சிப் பாக்கோம்லா, அதே சோலிதான். ஏறுதுக்கு முன்ன மேல, கீழ, சுத்திலும் போன்ல வீடியோ எடு, ஓனரையும் சேத்து எடு. எடுக்க விடலன்னா அங்கயே கடல்ல கால நனைச்சிட்டு வந்துரு. பாஸ்போர்ட்ட மட்டும் அடமானமாக் குடுக்காத, பைக்குக்கும் குடுக்காத, எதுக்கும் குடுக்காத. ரூம் பெட்டியில பூட்டி வச்சிட்டு நகல எடுத்துக்கிட்டுப் போ. 'நம்ம மச்சான் ஸ்கூட்டரு, சும்மா ஓட்டுங்க'ன்னு எவனாவது சாவியக் குடுத்தா ஓட்டிராத. அந்த ஊருல வண்டி ஓட்ட சர்வதேச லைசென்ஸ் வேணும். அது இல்லாம விழுந்தா இன்சூரன்சுக்காரன் கைய விரிச்சிருவான். ஒடிஞ்ச கால் கூட ஆறும், ஆஸ்பத்திரி பில்லு ஆறாது.

கடற்கரையில சுரண்டுத சீட்டு ஒண்ணு குடுப்பானுவ. நீ சுரண்டுவ, பரிசு விழும். அதுல விழாம இருந்தாத்தாம்லே அதிசயம். பரிச வாங்க வான்னு ஒரு ஏசி ஆபீசுல கொண்டு வச்சி, வருசத்துக்கு ஒரு வாரம் ஓட்டல் ரூம் உனக்கே சொந்தம்னு மூணு மணி நேரம் அறுப்பானுவ. போகாத. அவ்வளவுதான்.

கழுத்துல கெடக்க அந்தச் சங்கிலியக் கழத்தி அம்மைக்கிட்ட குடுத்துட்டுப் போ. கொமருக்கு மாப்பிள்ள பாக்கவா போறே? ராத்திரி பட்டாயாக் கடற்கரையில நம்ம ஊருப் பயலுவ குடிச்சிட்டு நடந்து போவானுவ, யாரோ பாசமாக் கட்டிப் பிடிப்பாவ, விட்டதும் பாத்தா சங்கிலியக் காணோம். அந்த ஊருப் பேப்பர்ல இது வந்துக்கிட்டே இருக்கு. உனக்குத் தாராள மனசுன்னு எனக்குத் தெரியும், கட்டிப் பிடிச்ச கைக்கு அஞ்சு பவுனு கூலி குடுக்க அளவுக்கா?

குடிக்காதன்னு சொன்னா நீ கேக்கவா போறே. சொல்லுத நானும் யோக்கியன் இல்ல. ஆனா வாளியில வச்சிக் குடுப்பானுவ, அதுல நாலு குழலு போட்டு ஆளாளுக்கு உறிஞ்சுதானுவ. அந்த வாளிக்குள்ள என்ன ஊத்துனான்னு ஊத்துனவனுக்கே தெரியாது. 2024 நவம்பர்ல பக்கத்து லாவோஸ்ல, வாங் வியங்ங்கற ஊருல, மெத்தனால் கலந்த சரக்கு குடிச்சி வெளிநாட்டுக்காரவுக ஆறு பேரு செத்துப் போனாவ. முக்காவாசி சுத்திப் பாக்கப் போன எளசுக. மூடி ஒடைக்காத பாட்டிலு, உன் கண்ணு முன்னால தொறக்கணும், உன் கையிலயே இருக்கணும். ஒண்ணுக்குப் போனா திரும்பி வந்து அதத் தொடாத, புதுசா வாங்கு. துட்டப் பாத்தா உசுரு சிரிக்கும்லே.

அடுத்த மாசம் உன் தங்கச்சியும் ஆபீஸ் புள்ளைகளோட போறாளாம்லா. இதையே அவட்டயும் சொல்லிரு. கூட ரெண்டு சொல்லு. ரூம் நம்பர ஒரு குருவிக்கும் சொல்லக் கூடாது. ரிசப்சன்ல சத்தமாச் சொன்னா வேற ரூம் கேக்கணும். அப்புறம், யாரு கூட வெளிய போனாளோ அவுக கூடத்தான் திரும்பணும். அவட்ட இதச் சொன்னா என்னைய மொறைப்பா. மொறைக்கட்டும். அவ உன்னைய விட வெவரம், அது வேற விசயம்.

அப்போ யாருகிட்டதாம்லே பேசன்னு கேப்ப. சொல்லுதேன். தன் சோலியப் பாத்துக்கிட்டு, உன்னைய ஏறெடுத்தும் பாக்காம இருக்காம்லா, அவங்கிட்ட நீ போயி பேசு. ஓட்டலுக்குப் பின்னால சந்துல ஒரு பொம்பள பப்பாளிக் காய ஒரல்ல போட்டு இடிச்சி, மொளகாயும் எலுமிச்சையும் விட்டு வித்துக்கிட்டு இருந்தா. சோம் தம்பாவ அத. நான் குத்த வச்சி உக்காந்து அவ இடிக்கத பாத்தேன். கை வாகு சரியில்லன்னு எனக்குப் பட்டிச்சு. ஒலக்கைய வாங்கி ரெண்டு குத்து குத்திக் காட்டினேன். அவ சிரிச்ச சிரிப்புக்குத் தெருவே திரும்பிப் பாத்திச்சு. வடகிழக்குல ஈசான் சீமைக்காரியாம், நெல்லு வெளையுத காடு. புக்கெட்ல உனக்கு ரூம் பெருக்கவன், காப்பி கொண்டாரவன், கால் புடிச்சி விடுதவ, நெறையப் பேரு அங்கருந்து பொழைக்க வந்தவங்கதான். போன எடுத்து ஊருல அவ எருமையக் காட்டினா. நான் வாயத் தொறந்து பல்லத் தொட்டு, எத்தனைன்னு கேட்டேன். ஆறுன்னு வெரலக் காட்டினா. வெல கேட்டேன், வெரல்லயே சொன்னா. நான் அவ வெலய நம்பல, நம்மூரு வெலயச் சொன்னேன், அவ அத நம்பல. ஒரு வார்த்த பேசாம அரை மணி நேரம் பேசினோம். அங்கருந்து கெளம்பற வரைக்கும் தெனம் ஒரு தட்டு. அதுக்குரிய துட்ட தெனமும் வாங்கினா, ஒரு சல்லி கொறைக்கல. எனக்கு அவளப் புடிச்சதே அதனாலதான்.

அவளுக்கும் உன்னையப் பாத்துப் பயம் இருக்கும்லே, அத மறந்துறாத. நம்ம பயலுவ பண்ணுத கூத்து கொஞ்சமா? ஒரு பாட்டில வாங்கி அஞ்சு கிளாசு கேக்கதும், கேக்காமலே பொம்பளப் புள்ளைகளப் படம் புடிக்கதும், கால் புடிச்சி விடுத புள்ளைக்கிட்ட வேற பேச்சு பேசுததும். அதப் பாத்து அவ தன் தங்கச்சிக்கு என்ன புத்தி சொல்லுவான்னு நெனைக்க, இப்ப உனக்கு நான் சொல்லுதத விடப் பெருசாத்தான் இருக்கும். தெருவுல பூ விக்க புள்ளைகளப் படம் எடுத்து ஸ்டேட்டஸ் வைக்காத. எவன் தலையையும் தொடாத, எவன் முன்னாலயும் கால நீட்டாத, கைய கூப்பிக் கும்பிடு. அது நமக்கு ஆரும் சொல்லித் தர வேண்டியதில்ல. பாங்காக்ல சீலோம் ரோட்டுல நம்ம மாரியம்மன் கோயிலே இருக்கு, 1879ல தமிழாளுக கட்டுனது. தாய்லாந்துக்காரவுக வரிசையில நின்னு கும்பிடுதாவ. போனா எனக்காக ஒரு சூடம் ஏத்து.

ராசாவப் பத்தி மட்டும் வாயே தொறக்காத. எவ்வளவு சினேகிதமானவன் கிண்டிவிட்டாலும் சரி. ராசாவ அவமதிச்சா 3 வருசத்துலருந்து 15 வருசம் மட்டும் உள்ள தள்ள அங்க 112ன்னு ஒரு சட்டப் பிரிவே இருக்கு. நம்மூரு டீக்கடையில மந்திரியக் கிழிக்கத இங்கயே கழத்தி வச்சிட்டுப் போ. பொகை விடுத அந்த வேப்பும் அந்த ஊருல சட்ட விரோதம். கஞ்சாவ 2022ல அவுத்து விட்டவன், 2025 ஜூன்ல டாக்டர் சீட்டு இருந்தாத்தான்னு திரும்பக் கட்டிட்டான். 'இங்க எல்லாம் ஃப்ரீ'ன்னு கடற்கரைச் சினேகிதன் சொன்னா, அவன் பழைய பேப்பர் படிக்கான்னு வையி.

இப்ப நக்கல் இல்லாம ஒண்ணு சொல்லுதேன், உக்காரு. ஊருக்குத் திரும்புத அன்னைக்கு, அஞ்சு நாளா நல்லாப் பழகினவன் ஒருத்தன் வருவான். நம்மாளாவும் இருக்கலாம். 'தம்பி, சென்னையில என் மச்சான் வருவான், இந்தச் சாக்லேட் டப்பாவ மட்டும் குடுத்துருங்க'ம்பான். டிக்கெட்டுத் துட்ட நான் தாரேன்னு கூடச் சொல்லுவான். இப்படிப் போறவனுக்குத்தான் குருவின்னு பேரு. பாங்காக்லருந்து சென்னைக்கு வார பிளேன்ல உசத்திக் கஞ்சாவ இப்படித்தான் கொண்டாராவ. கஸ்டம்ஸ்காரன் மாசா மாசம் புடிக்கான், பேப்பர்ல படம் போடுதான். படத்துல நிக்கவன் மொகத்தப் பாத்திருக்கியா? எல்லாம் உன் வயசு. ஒரு கிலோவுக்கு மேல போயிட்டா பத்து வருசம் வரைக்கும் செயிலு, இருபது கிலோவத் தாண்டினா பத்து வருசத்துக்குக் கொறையவே கொறையாது. மச்சானாவது, சாக்லேட்டாவது.

இன்னொருத்தன் நீ ஊருக்கு வந்த பொறவு போன்ல வருவான். 'அங்க நல்ல வேலை இருக்கு, கம்ப்யூட்டர்ல டைப் அடிக்கணும், மாசம் லட்ச ரூவா'ம்பான். பாங்காக்ல எறக்கி, மே சோட்டு எல்லை வழியா ஆத்தத் தாண்டி மியான்மர்ல மியாவடிக்குக் கொண்டு போயிருவானுவ. அங்க பூட்டி வச்சி ஊரு ஒலகத்த ஏமாத்துத சோலி பாக்க வைப்பானுவ. 2022லயே நம்ம ஊருப் பயலுவ அங்க மாட்டி, முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியதாப் போச்சு. 2025 மார்ச்ல மட்டும் 549 இந்தியர்கள விமானப்படை பிளேன்ல கூட்டியாந்தாவ. அத்தனை பேரும் ஒரு சினேகிதன நம்பித்தாம்லே போயிருப்பான். நீ இஞ்சினீரு படிச்சவன், ஏமாற மாட்டேன்னு சொல்லாத. அங்க மாட்டுனதுலயும் படிச்சவன் எத்தனையோ பேரு.

போன்ல 1155ங்கற நம்பரப் பதிஞ்சி வச்சிக்கோ. சுற்றுலாப் போலீசு, இங்கிலீசு பேசுவாவ. கீறலக் காட்டித் துட்டு கேக்கவன் முன்னால அந்த நம்பர அமுத்திக் காதுல வச்சிப் பாரு, பாதிக் கீறலு அப்பவே மறைஞ்சிரும்.

வரும்போது எனக்கு ஒண்ணும் பெருசா வேண்டாம். மூக்குல வச்சி உறிஞ்சுத தைலக் குப்பி ஒண்ணு அங்க விக்கான். போன தடவ வாங்கினத உங்க ஆச்சி எங்கயோ ஒளிச்சி வச்சிட்டா. ரெண்டு வாங்கிட்டு வா. கடையில நீயே போயி, நீயே துட்டு குடுத்து வாங்கினதா இருக்கணும். 'தாத்தாவுக்குக் குடுத்துருங்க'ன்னு எவனாவது பாசமாக் குடுத்தத வாங்கிட்டு வந்தேன்னு வையி, மீனம்பாக்கத்துலயே நான் யாரோ நீ யாரோ.